பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகமா? முதலில் காலண்டரை எடுங்கள்

முதல் முறையாகப் பிள்ளைகளை வைத்து நாடகம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் கதையில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்ன கதை, யார் முக்கிய வேஷம், கடைசியில் பாட்டு வேண்டுமா என்று ஒரு மாதம் பேசிவிட்டு, அப்புறம் தேதி பார்க்க உட்கார்ந்தால் அங்கே காலாண்டுத் தேர்வு நிற்கும். பெரியவர்கள் நாடகம் என்றால் நடிகர் ஆபீஸில் பொய் சொல்லி அரை நாள் லீவாவது போடுவார். பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது. பள்ளிக்கூடம், ட்யூஷன் மாஸ்டர், அம்மா, அப்பா, வேன் டிரைவர் எல்லோரும் சேர்ந்துதான் அவர்களுடைய மாலை நேரத்தைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் மிஞ்சுவதுதான் உங்களுக்கு. அதனால் இங்கே நடிப்பு சொல்லிக்கொடுப்பது பற்றி அதிகம் பேசப் போவதில்லை, நேரத்தை எப்படிப் பிடிப்பது என்பதுதான் விஷயம். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு ஊர், 12 முதல் 17 வயதுக்குள் 14 பிள்ளைகள், 40 நிமிட நாடகம், ஒரே ஒரு மாலை மேடையேற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

தேதி முதலில், கதை அப்புறம்

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரை எடுங்கள். போனில் இருப்பது போதாது, முகூர்த்த நாளும் திருவிழாவும் போட்ட காலண்டர் வேண்டும். நாடகம் நடக்க முடியாத நாட்களை முதலில் அடித்துவிடுங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியிலிருந்தே திருப்புதல் தேர்வு, மார்ச் ஏப்ரலில் பொதுத்தேர்வும் ஆண்டுத்தேர்வும். மே மாதம் காலியாக இருப்பதுபோல் தெரியும், நம்பாதீர்கள். பாதிப் பேர் தாத்தா பாட்டி ஊருக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேரைக் கத்திரி வெயிலில் மதியம் வரச் சொல்ல மனசு வராது. மே மாதத்தில் பத்து நாள் காலை நேரப் பயிற்சி முகாம் நடத்தலாம், முழு நாடகம் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கடலோர மாவட்டங்களில் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று கலெக்டர் அறிவித்தால் உங்கள் ஒத்திகையும் சேர்ந்தே போய்விடும். டிசம்பர், ஜனவரியில் சென்னையில் சபா கிடைக்காது, சங்கீத சீசன். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழாக்கள் வரிசையாக வருவதால் டிரஸ் வாடகைக் கடைகளில் நல்ல உடை எல்லாம் வெளியே போயிருக்கும்.

இதெல்லாம் போக மிஞ்சுவது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. புதியவர்களுக்கு இந்த இடைவெளியைத்தான் சொல்வேன். அதற்குள் ஆடி மாதம் வருகிறது, அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும், வாடகை பேசிக் குறைக்கலாம். ஆவணி பிறந்துவிட்டால் அதே மண்டபத்துக்காரர் போனைக்கூட எடுக்க மாட்டார். ஆனால் ஆடிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு நாள் பூராவும் ஓடும். மண்டபத்துக்குப் பக்கத்தில் அம்மன் கோவில் இருந்தால் பிள்ளைகள் பேசுவது முதல் வரிசைக்கே கேட்காது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் விரதம், கோவில், விளக்கு பூஜை.

ஆகவே நான் எடுக்கும் தேதி ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை மாலை. பள்ளிகளுக்குப் பெரும்பாலும் விடுமுறை, ஆடி இன்னும் முடியவில்லை, சுதந்திர தின அணிவகுப்புக்காக பி.டி. மாஸ்டர் பிள்ளைகளை மாலையில் நிறுத்தி வைக்கும் வாரம் முழுதாக ஆரம்பித்திருக்காது. காலாண்டுக்கும் ஒரு மாதம் போல இருக்கும், பெற்றோர் முகம் சுளிக்க மாட்டார்கள். உங்கள் ஊர்த் திருவிழா அந்தச் சமயத்தில் வந்தால் ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளுங்கள். ரம்ஜான் நோன்பு ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகுதி வாரியாகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும். சனிக்கிழமையிலும் வரும். மண்டபம் இருக்கும் பகுதிக்கு அந்த மாதம் எந்த நாள் என்று உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டால் நாடகத்தன்று மதியம் லைட்டைக் கட்டிவிட்டு இருட்டில் உட்கார வேண்டியிருக்காது. ஜெனரேட்டர் இருக்கிறது என்று மண்டபத்துக்காரர் சொன்னால், டீசல் யார் போடுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள்

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் எதற்கும் உதவாது. புத்தகம் வந்திருக்காது, ட்யூஷன் நேரம் முடிவாகியிருக்காது, யார் எந்த செக்‌ஷன் என்றே தெரியாது. ஜூன் மூன்றாம் வாரம் ஆரம்பித்தால் நாடக வாரத்தையும் சேர்த்து எட்டு வாரம் வரும். வாரத்தில் இரண்டு மாலை, தலா இரண்டு மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம், மொத்தம் ஏழு மணி. எட்டு வாரத்துக்கு 56. இதைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டாம். ஜூலையில் முதல் இடைப்பருவத் தேர்வு வரும், அந்த வாரம் அப்படியே போய்விடும், 49 ஆகிவிட்டது. மழை, ஜுரம், உறவினர் வீட்டுக் காதுகுத்து, ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் சேர்ந்து இன்னும் எட்டு ஒன்பது மணியைத் தின்னும். உண்மையில் கையில் இருப்பது 40 மணி.

நடித்துப் பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு மேடையில் ஒரு நிமிடம் என்றால் ஒத்திகையில் ஒரு மணி நேரம் என்பது என் கணக்கு. ஆகவே 40 மணிக்கு 40 நிமிட நாடகம். ஒன்றரை மணி நேர நாடகம் போட ஆசை இருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் இரண்டாவது வருஷம்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918-இல் தொடங்கியது போன்ற பால சபைகளில், அதாவது பாய்ஸ் கம்பெனிகளில், பையன்கள் கம்பெனியிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பாட்டும் வசனமும் நாள் முழுக்கப் பாடம் பண்ணினார்கள். அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு "அந்த ஒழுங்கு இப்போது இல்லையே" என்று புலம்பும் இயக்குநர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன்களுக்கு இடைப்பருவத் தேர்வு கிடையாது சார், வேறென்ன சொல்ல.

கதையும் உரிமையும்

கதை தேர்வில் நேரம் சம்பந்தப்பட்ட கேள்விகள் இரண்டுதான். கூட்டமாக வரும் காட்சிகள் எத்தனை, ஒருவரே தாங்க வேண்டிய வேஷம் இருக்கிறதா. 40 நிமிடமும் ஒரே பிள்ளை மேடையில் நிற்கும் கதையை எடுத்தால் அந்தப் பிள்ளைக்கு டைபாய்டு வந்த அன்று நாடகம் முடிந்தது. நாலைந்து பேர் பங்கு போட்டுத் தாங்கும் கதையாக எடுங்கள்.

ஏற்கெனவே யாரோ எழுதிய நாடகம் என்றால் உரிமை பார்க்க வேண்டும். இந்தியாவில் எழுத்தாளர் காலமான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1964-இல் காலமானார், ஆகவே அவருடைய நாடகங்களுக்கு 2024 முடிவோடு அந்தக் காலம் தீர்ந்தது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, பல நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் சில விலக்குகளும் உண்டு. ஒரு கல்வி நிறுவனத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் நடித்து, பார்க்க வருபவர்களும் அந்த நிறுவனத்தின் மாணவர், ஆசிரியர், பெற்றோர் வட்டத்துக்குள்ளேயே இருந்தால் அனுமதி தேவையில்லை. அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாமல் போட்டாலும் அப்படியே. ஆனால் உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் ஒரு போன் போட்டுக் கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது, பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார், நாடகத்துக்கும் வருவார். டிக்கெட் போட்டு வெளியாட்களை அழைத்தால் அனுமதியை எழுத்தில் வாங்கியே ஆக வேண்டும்.

பழைய ஆட்கள் யாராவது "ஸ்கிரிப்டை போலீஸில் கொடுத்து அனுமதி வாங்கினீர்களா" என்று கேட்பார்கள். அது 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் வழி வந்த பழக்கம். பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் அந்தச் சட்டத்தின் பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. திறந்தவெளியில் மைக் வைத்தால் மட்டும் காவல்நிலையத்தில் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது மத்திய அரசின் விதி.

பெற்றோர் கூட்டம்

வேஷம் கொடுப்பதற்கு முன்னால் இதை நடத்துங்கள், கொடுத்த பிறகு நடத்தினால் "என் பையனுக்கு மரம் வேஷமா" என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடும். ஒரு பக்கத் தாள் கொடுங்கள். அதில் ட்யூஷன் எந்தெந்த நாள், எத்தனை மணி, வீடு எந்தப் பக்கம், யார் வந்து அழைத்துப் போவார்கள், சாப்பாட்டில் ஒத்துக்கொள்ளாதது, மருந்து எதுவும் எடுக்கிறார்களா, இரண்டு போன் நம்பர். அதற்குக் கீழே எட்டு வாரக் காலண்டரை அச்சடித்து, "வர முடியாத நாட்களை வட்டமிடவும்" என்று போடுங்கள். குலதெய்வம் கோவில், சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் எல்லாம் அப்போதே வெளியே வந்துவிடும். சும்மா "எல்லா நாளும் வருவீங்களா" என்று கேட்டால் எல்லோரும் வருவோம் என்றுதான் சொல்வார்கள்.

பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பெரிய வேஷம் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு ஆசை இருக்கும், ஜூனிலும் இருக்கும், ஜூலை நடுவில் பள்ளியில் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்ததும் வீட்டில் ஒரே வார்த்தையில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் லைட், சவுண்ட், மேடை நிர்வாகம் இவர்களிடம் கொடுத்தால் பிரமாதமாகச் செய்வார்கள், கடைசி இரண்டு வாரம் வந்தாலே போதும்.

பாதுகாப்பு பற்றியும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒத்திகையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். தனியாக ஒரு பிள்ளையை ஒரு அறையில் வைத்துப் பயிற்சி கொடுப்பது கிடையாது. உடை மாற்றும் அறை பெண் பிள்ளைகளுக்குத் தனி, வெளியே ஒரு அம்மா நிற்பார். யாரும் வந்து அழைத்துப் போகாத பிள்ளை போகும்வரை ஒரு பெரியவர் கேட்டில் இருப்பார். இதைக் கேட்டதும் பெற்றோர் முகம் தெளிவதை நீங்களே பார்ப்பீர்கள். அதன் பிறகு ஒத்திகை அரை மணி கூடினால்கூடச் சண்டைக்கு வர மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழு இரண்டு வையுங்கள். பெற்றோர் குழுவில் அட்மின் மட்டுமே பதிவு போட முடிகிற மாதிரி வைத்து, நேரம், இடம், மாற்றம் மட்டும். குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் "நாளை ஒத்திகை இல்லை" காணாமல் போனால் நாலு பேர் பூட்டிய கேட்டின் முன்னால் நிற்பார்கள். நடிக்கும் பிள்ளைகளுக்கு வேறு குழு, அதில் பெரியவர் இருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

காட்சி அட்டை: இதுதான் மொத்த வேலையின் முதுகெலும்பு

புதியவர்கள் செய்வது, எல்லோரையும் தினமும் ஐந்தரைக்கு வரச் சொல்வது. மூன்று பேர் நடித்துப் பார்ப்பார்கள், பதினோரு பேர் ஓரத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து வருகை குறையும், குறையாமல் என்ன செய்யும்.

ஒரு சார்ட் பேப்பர் எடுங்கள். இடது பக்கம் 14 பெயர்கள், மேலே காட்சி எண்கள். ஒரு தெரு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கதை என்று வைத்துக்கொள்வோம். ஏழு காட்சி. ஒன்று, நாலு, ஏழு, தெருவே கூடும் வரிசை, சண்டை, முடிவு, 14 பேரும். இரண்டாவது காட்சியில் லாரி டிரைவர், கிளீனர், இரண்டு பிள்ளைகள், மொத்தம் நாலு பேர். மூன்றாவது கவுன்சிலர் வீட்டு வாசல், ஐந்து பேர். ஐந்தாவது நள்ளிரவில் வரிசையில் நிற்கும் காலிக் குடங்கள் பேசிக்கொள்வது, ஆறு பேர். ஆறாவது மூன்று பேர். யார் எதில் வருகிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக்.

இப்போது அட்டையைப் பார்த்தாலே வாரம் அமைந்துவிடும். ஆடிச் செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம் என்பதால் திங்களும் வியாழனும். திங்கள் இரண்டாவது, ஆறாவது காட்சி, அதிகம் போனால் ஏழு பேர். வியாழன் மூன்றும் ஐந்தும், பதினோரு பேர், ஆனால் மூன்றாம் காட்சிக்காரர்கள் ஆறரைக்குக் கிளம்பலாம், ஐந்தாம் காட்சிக்காரர்கள் அப்போது வந்தால் போதும். ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து ஆறு, எல்லோரும், கூட்டக் காட்சிகள். காலையில் சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகளும் மதியம் வந்துவிடுவார்கள். பெற்றோர் வட்டமிட்ட நாட்களை இதன் மேல் பொருத்துங்கள். கிளீனராக வரும் பிள்ளைக்குத் திங்கட்கிழமை ஹிந்தி ட்யூஷன் என்றால் இரண்டாம் காட்சியை வியாழனுக்கு மாற்றி மூன்றாவதைத் திங்களுக்குக் கொண்டுவாருங்கள். அது நடக்கவில்லை என்றால் வேஷத்தை மாற்றுங்கள். ஜூன் மாதத்தில் வேஷம் மாற்றினால் யாரும் அழ மாட்டார்கள், ஜூலை கடைசியில் மாற்றினால் அம்மாவும் சேர்ந்து அழுவார்.

அதே அட்டையில் வேறு நிறப் பேனாவால் பதிலி ஆட்களை எழுதுங்கள். பெரிய வேஷம் ஒவ்வொன்றுக்கும், அந்தக் காட்சியில் இல்லாத இன்னொரு பிள்ளை. அவர் முழு வசனமும் மனப்பாடம் பண்ண வேண்டாம். வாரம் ஒருமுறை அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும், ஆள் வராத அன்று ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் பதிலி இருக்கிறார் என்று தெரிந்ததும் அசல் ஆள் ஒழுங்காக வர ஆரம்பித்துவிடுவார்.

எட்டு வாரத்தில் எப்போது என்ன

முதல் வாரம் விளையாட்டு, குரல், சேர்ந்து படிப்பது. வேஷம் சொல்லாதீர்கள். எல்லோரும் எல்லாவற்றையும் படித்துப் பார்க்கட்டும், யார் கேட்கிறார், யார் தன் முறை வரும்வரை போனைப் பார்க்கிறார் என்பது தெரியும். இரண்டாம் வாரக் கடைசியில் வேஷம். மூன்று, நாலு வாரம் காட்சிகளுக்கு நிற்கும் இடம், நடக்கும் வழி கொடுப்பது. இடைப்பருவத் தேர்வு எந்த வாரத்தில் விழுகிறதோ அதில் முழு விடுமுறை, "சும்மா ஒரு மணி நேரம்" என்றுகூடக் கூப்பிட வேண்டாம்.

ஐந்தாம் வாரக் கடைசி ஞாயிறு ஒரு முக்கியமான நாள்: அன்றிலிருந்து கையில் ஸ்கிரிப்ட் கூடாது. இதை முதல் வாரமே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தாளைக் கையில் வைத்திருக்கும்வரை பிள்ளை நடிக்காது, குடத்தையும் தூக்க முடியாது. அன்று வசனம் தடுமாறும், நாடகமே விழுந்துவிட்டதுபோல் இருக்கும், கவலைப்படாமல் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அடியெடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறாம் வாரம் காட்சிகளை இரண்டிரண்டாகக் கோத்து ஓட்டுவது. ஏழாம் வாரம் நிறுத்தாமல் முழு ஓட்டம், ஒவ்வொரு முறையும் கடிகாரம் பார்த்து நேரம் எழுதிவையுங்கள். 52 நிமிடம் வந்தால் வேகமாகப் பேசச் சொல்லக் கூடாது, வெட்டுங்கள்.

ஒரு மாலை எப்படிப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பள்ளியிலிருந்து நேராக வருவார்கள், பசி உயிர் போகும். 5.30-க்கு சுண்டலோ வாழைப்பழமோ, தண்ணீர். 5.40-க்கு உடம்பையும் குரலையும் தயார் பண்ணுவது. 5.55-க்குப் போன தடவை செய்ததை ஒருமுறை. 6.10-இலிருந்து 6.50 வரை இன்றைய காட்சி, நிறுத்தி நிறுத்தி. 6.50-க்கு அதையே நிறுத்தாமல். 7.10-க்கு உட்கார்ந்து பேச்சு, ஒரு ஆளுக்கு ஒரே ஒரு திருத்தம், அதற்கு மேல் சொன்னால் ஞாபகம் இருக்காது. 7.20-க்கு அடுத்த ஒத்திகைக்கு யார் யார் என்று சொல்லிவிட்டு, 7.30-க்குக் கதவைப் பூட்டிவிட வேண்டும். இந்தக் கடைசி நேரத்தைக் காப்பாற்றுவது ஆரம்ப நேரத்தைக் காப்பாற்றுவதைவிட முக்கியம். இரண்டு தடவை எட்டு மணி ஆகிவிட்டால் மூன்றாவது தடவை பிள்ளையை ஏழு மணிக்கே வந்து கூட்டிப்போய்விடுவார்கள்.

சாமான்கள்

மேடையில் கையில் எடுக்கும் பொருள் எல்லாம் மூன்றாம் வாரமே ஒத்திகைக்கு வந்துவிட வேண்டும். பிளாஸ்டிக் குடம் லேசானது, தரையில் பட்டால் டொம்மென்று சத்தம் போடும், 14 குடம் சேர்ந்தால் ஒருத்தர் பேசுவதும் கேட்காது. எந்த வசனத்தில் குடத்தை வைப்பது, எப்போது தூக்கியே வைத்திருப்பது என்பதெல்லாம் உண்மையான குடத்தோடு பழகினால்தான் பிடிபடும். கடைசி வாரத்தில் கொண்டுவந்தால் குடமே நடிக்கும். ஒவ்வொரு குடத்துக்கும் அடியில் பெயிண்டால் எண் போடுங்கள், பாதி அடுத்த வீட்டில் வாங்கியதாக இருக்கும்.

உடையை வீட்டிலிருந்தே எடுக்கப் பாருங்கள். வாடகைக்கு எடுத்தால் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிக் கடைகளில் நெருக்கடி, ஜூலை முதல் வாரமே முன்பணம் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் வளர்வதையும் கணக்கில் வையுங்கள், ஜூனில் அளவெடுத்த பேண்ட் ஆகஸ்டில் கணுக்காலுக்கு மேல் நிற்கும்.

மண்டபத்தைப் போய்ப் பார்க்கும்போது டேப் கொண்டுபோங்கள். கல்யாண மேடை அகலம் இருக்கும், ஆழம் இருக்காது. பின்னால் அலங்காரத் தட்டி, பக்கவாட்டில் மறைந்து நிற்க இடமே இருக்காது. அளவை எடுத்துவந்து ஒத்திகை இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு அதற்குள்ளேயே பழக்குங்கள். மறைவுக்கு ஷாமியானாக்காரரிடம் இரண்டு தட்டி வாங்கிக்கொள்ளலாம். மண்டப வாடகை நேரம் கல்யாணத்தை மனதில் வைத்துப் போட்டது, பெரும்பாலும் முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் பிற்பகல் வரை. உங்களுக்குச் சனிக்கிழமை இரவு 9 மணி வரை வேண்டும் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

முதல் நாள் வெள்ளி மாலை கிடைத்தால் அதை லைட், சவுண்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். பிள்ளைகளை எல்லாம் நிற்க வைத்து லைட் திருப்பினால் இரண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் எரிச்சல் வந்துவிடும். லைட் போடும் பிள்ளையும், மேடை நிர்வாகியும், இரண்டு பெரியவர்களும் போதும். எந்த வசனத்துக்கு எந்த லைட் என்று வரிசையாக, நடுவில் உள்ள வசனத்தை எல்லாம் விட்டுவிட்டு மாற்றங்களை மட்டும் ஓட்டுங்கள். மைக்செட்காரர் காலர் மைக் கொடுக்கிறேன் என்பார், ஆசைப்படாதீர்கள். வியர்வையில் நனைந்து கரகரக்கும். மேடையின் முன் விளிம்பில் இரண்டு மூன்று மைக்கைத் தாழ்வாக வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கடைசி வரிசைக்குப் பேசப் பழக்குங்கள்.

நாடகத்தன்று

6.30-க்கு நாடகம் என்றால், மதியம் 1 மணிக்குப் பெரியவர்கள் வந்து மேடை சரிபார்ப்பது. 2.30-க்குப் பிள்ளைகள், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். 3 மணிக்கு மேடையில் நடந்து பார்த்து, கடைசி வரிசையில் ஒருவர் நின்று குரல் கேட்கிறதா என்று பார்ப்பது. 3.30-க்கு ஒரே ஒரு முழு ஓட்டம், லைட்டோடு. 4.30-க்கு டிபன். எண்ணெய்ப் பலகாரமும் ஐஸ் போட்ட ஜூஸும் வேண்டாம், இட்லி போதும். 5 மணிக்கு மேக்கப். ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிடம், இரண்டு பேர் போட்டால் 14 பேருக்கு 42 நிமிடம், அதையும் அரை இன்ச் பவுடர் அப்பாமல் போட்டால்தான். 6 மணிக்குக் கதவு திறப்பு, போன்கள் ஒரு பைக்குள், எல்லோரும் பாத்ரூம். 6.15-க்கு அவரவர் நுழையும் பக்கத்தில் சத்தமில்லாமல்.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் கொஞ்சம் கல்மனசாக இருங்கள். அவர் ஏழேகாலுக்கு வருவார், பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிய எட்டேகால் ஆகும், அதுவரை பிள்ளைகள் மேக்கப் வழிய மறைவில் நின்றுகொண்டிருப்பார்கள். மரியாதை எல்லாம் நாடகத்துக்குப் பின்னால் என்று அழைப்பிதழிலேயே அச்சடியுங்கள். அவர் வராவிட்டாலும் 6.30-க்கு ஆரம்பம். ஒருமுறை அப்படி ஆரம்பித்துப் பாருங்கள், அடுத்த வருஷம் பார்வையாளர் 6.25-க்கே உட்கார்ந்திருப்பார்கள்.

நாடகம் ஓடும்போது இயக்கியவர் மேடைக்குப் பின்னால் இருக்கக் கூடாது. அங்கே மேடை நிர்வாகி மட்டும், காட்சி அட்டையின் ஒரு நகல் தட்டியில் ஒட்டியிருக்க, அடுத்து யார் உள்ளே போக வேண்டும் என்று சைகை காட்டினால் போதும். நீங்கள் பின்னால் நின்றால் ஒவ்வொரு பிள்ளையும் வெளியே வந்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கும், உங்கள் முகம் அன்று பார்க்கத்தக்கதாக இருக்காது. முன்னால் போய் உட்காருங்கள்.

முடிந்ததும்

7.45-க்குள் போட்டோ எடுத்து முடித்து, பிள்ளைகளை உடை மாற்றி அனுப்பிவிடுங்கள். உடையைத் துவைத்துத் தருகிறேன் என்று யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம், அங்கேயே எண்ணிப் பையில் போட்டுக் கட்டுங்கள், மறுநாள் வாடகைக் கடை, முன்பணம் திரும்பி வரும். குடங்களை எண் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். போட்டோவைப் பொதுவில் போடுவதற்கு முன்னால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை.

பேசிப் பார்க்கும் கூட்டம் ஒன்று கட்டாயம் வையுங்கள், ஆனால் காலாண்டுத் தேர்வு விடுமுறையில். அதற்கு முன்னால் யாரையும் எதற்கும் கூப்பிடாதீர்கள், கணக்கில் மார்க் குறைந்தால் நாடகத்தின் தலையில்தான் விழும்.